மெதுவான்னா வேகமா ஓடுற மெஷின்

அணைக்காதீங்க தம்பி, ஓடட்டும். சத்தத்தைக் கேட்டு வாங்கறதுக்கு நான் என்ன கோயில் மணியா வாங்க வந்திருக்கேன்? எனக்கு இந்த டிரில்லோட முனையைப் பாக்கணும். தார்ப்பாய் நிழல்ல வேணாம், இப்படி வெயிலுக்குக் காட்டுங்க. ஆங், அப்படித்தான். பாத்தீங்களா? போட்டிருக்கிற பிட்டு ஒண்ணு, தெரியற பிட்டு ரெண்டு. ஆடுது. என்னது, ஆடலையா? உங்க கண்ணுக்கு ஆடலை. மரத்துல ஆணிக்கு ஓட்டை போடறவனுக்கு இதெல்லாம் ஒரு ஆட்டமே இல்ல. நான் போடற பிட்டு தலைமுடிக்கு அக்கா, துடைப்பக்குச்சிக்குத் தங்கச்சி. இந்த ஆட்டத்தோட, ரேடியோவுக்குள்ள இருக்குமே, அந்த மாதிரி சர்க்யூட் போர்டு மேல வச்சா, டிக். அவ்வளவுதான். பாதி உள்ள, பாதி வெளிய, நான் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

என் கையா? ஆமா, நடுங்குது. இல்லைன்னு சொல்லலையே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு மனசுக்குள்ள சிரிக்கிறீங்க, சிரிங்க. ஆனா நான் கையில பிடிச்சுப் போடறதே இல்ல. பள்ளிக்கூடத்துல ஒடைஞ்சுபோன மைக்ராஸ்கோப்பு ஒண்ணைத் தூக்கிப் போட்டாங்க. அதோட காலை எடுத்துட்டு வந்து, கண்ணாடி இருந்த இடத்துல டிரில்லைக் கட்டற மாதிரி பண்ணி வச்சிருக்கேன். திருகைத் திருகினா நூல் பிடிச்ச மாதிரி நேரா இறங்கும். என் கை எவ்வளவு நடுங்கினாலும் பிட்டு நடுங்காது. அதனால தப்பு என் கையில இல்ல, இதோட வாயில இருக்கு.

இதோ, இதைத்தான் சொல்றேன். பிட்டைப் பிடிக்கற இந்த மூணு பல்லு இருக்கே, மூணும் ஒரே மாதிரி கடிக்காது. ஒரு பல்லு முந்தும், ஒரு பல்லு பிந்தும். கனமான பிட்டுன்னா சமாளிச்சுக்கும். மெல்லிசுன்னா ஒரு பக்கமாத் தள்ளிடும். எனக்குப் பித்தளை இடுக்கி வச்சது வேணும், சுத்திவரக் கட்டிப் பிடிக்கற மாதிரி. இருக்கா? தேடிப் பாருங்க. நான் நிக்கிறேன், எனக்கென்ன.

எனக்கு எப்படித் தெரியுமா? ஒடைச்சு ஒடைச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நான் யூனிஃபார்ம் தைக்கிறவ. ஊசி ஒடையப் போற சத்தம் எனக்குத் தெரியும், ஆனா இந்தப் பிட்டு இருக்கே, இது சொல்லிட்டு ஒடையறதில்ல. முதல்ல பக்கத்து வீட்டுக்காரரோட பெரிய டிரில்லை வாங்கிட்டு வந்தேன், சுவத்துல ஓட்டை போடறது. கொசுவை அடிக்கக் கோடாலி எடுத்த கதைதான். போர்டுல சாமானோட கால் நுழையற இடத்துலெல்லாம் வட்டமா செம்பு இருக்கும்ல, அதையெல்லாம் பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. போர்டே போச்சு. திரும்ப முதல்ல இருந்து.

முதல்ல இருந்துன்னா லேசுல இல்ல. நகல் எடுக்கற கடைக்குப் போய் வழவழப்பான பத்திரிகைத் தாள்ல சர்க்யூட் படத்தை அச்சடிக்கணும். வீட்டுக்கு வந்து அதைச் செம்பு மேல கவுத்து வச்சு இஸ்திரி போடணும். தண்ணில ஊறவச்சுத் தாளை உரிக்கணும். போன தடவை உரிச்சப்போ ஏதோ ஒரு நடிகையோட பாதி உதடு ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சு. பல் விளக்கற பிரஷ்ஷை வச்சுத் தேய்ச்சு, அவளைக் கெஞ்சி, கும்பிட்டு, அனுப்பி வச்சேன். அப்புறம் வேண்டாத செம்பைத் தின்னற அந்தப் பழுப்புக் கரைசல்ல முக்கி ஆட்டிக்கிட்டே இருக்கணும். என் பாத்திரம் கழுவற தொட்டியைப் பாத்தீங்கன்னா பயந்துடுவீங்க. இதெல்லாம் முடிஞ்சு, அழகா, கோடு கோடா, போர்டு இப்ப என் அடுப்படி மேசை மேல படுத்திருக்கு. ஓட்டை மட்டும்தான் பாக்கி. ஓட்டை இல்லைன்னா ஒரு காலும் உள்ள நுழையாது, ஈயம் வைக்க முடியாது, ஒண்ணும் முடியாது. எல்லாம் சமைச்சு வச்சுட்டு வாய் திறக்காத குழந்தை முன்னாடி உக்காந்திருக்கற மாதிரி உக்காந்திருக்கேன்.

அந்த பேட்டரி போட்டதா? குடுங்க பாப்போம். ம். கட்டை விரலை லேசா வச்சாலே மூச்சு வாங்குதே இதுக்கு. நெக மெருகு போடறவங்களுக்குக் குடுங்க, அவங்களுக்குச் சரியா இருக்கும். எனக்கு வேகம் குறையவே கூடாது. அது கண்ணாடி நார் போர்டு, மெதுவாப் போனா பிட்டைத் தின்னுடும்.

இல்ல, அந்தக் கறுப்பு வேணாம். அங்க மேல தொங்குதே, அதைத்தானே சொல்றீங்க? அது இருக்கட்டும். அது அங்கயே இருக்கட்டும். முதல்ல இதையெல்லாம் பாத்து முடிப்போம்.

இது குழாய் வச்சதா? மோட்டாரை மேல தொங்கவிட்டுட்டு, பாம்பு மாதிரி குழாய் வழியா சுத்தறது. நகைக்காரங்க வச்சிருப்பாங்க, பாத்திருக்கேன். இடுக்கி பித்தளைதான். பிட்டைப் போடுங்க. இருங்க, நானே கொண்டு வந்திருக்கேன், இந்தாங்க, மெதுவா, இதுதான் என்கிட்ட மிச்சம் இருக்கிறது. ம்... பரவாயில்ல. ஒண்ணாத்தான் தெரியுது. ஆனா கைப்பிடி தடியா இருக்கே, என் மைக்ராஸ்கோப்புக் காலுக்குள்ள உக்காருமா? துணி சுத்தி உக்கார வைக்கலாம். வைக்கலாம். யோசிக்கறேன்.

எதுக்கு அவசரமா? வர்ற சனிக்கிழமை காட்டுக்குப் போகணும் தம்பி. லெர்மா ஆத்துக்கு அந்தப் பக்கம், சோளக்காடு. அறுப்பு முடிஞ்சு வெறும் தட்டை நிக்குது. காட்டுக்காரர் நல்ல மனுஷன், உழறதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து பாத்துக்கங்கன்னார். உழுதுட்டா மண்ணு மேல கீழயாயிடும். அதுக்கப்புறம் மழை. அப்புறம் அடுத்த சோளம் ஆள் ஒசரத்துக்கு நிக்கும். அதுக்குள்ள மெஷினு பேசணும்.

மண்ணுக்குள்ள இருக்கற உலோகத்தைக் கண்டுபிடிக்கற மெஷினு. ஆமா, தரைக்கு மேல வளையத்தை ஆட்டிக்கிட்டே போனா கூவுமே, அதேதான். சிரிக்கிறீங்க. புரட்சிக்காலத்துல பண்ணைக்காரன் புதைச்சுட்டுப் போன தங்கம்னு நினைக்கிறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. நகல் கடைக்காரன் பங்கு கேட்டான். ஆமா தம்பி, தங்கம்தான். என் தங்கம். என் மகன் நெரேயோ.

இப்ப எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போடறீங்க? நீங்க என்ன பண்ணீங்க. இந்தச் சந்தையில நின்னு கல்லை எறிஞ்சா அது விழற வீட்டுல ஒருத்தர் காணாமப் போயிருப்பாங்க. அந்த மெஷினை ஓட விடுங்க. ஓடிக்கிட்டே இருந்தா நல்லது, நாம பேசறது பக்கத்துக் கடைக்குப் போகாது.

அவனுக்குக் கணுக்காலுக்கு மேல தகடு வச்சிருக்கு. மோட்டார் சைக்கிள்ல போய் எருமைமாடு மாதிரி பஸ்ஸுல முட்டினான். நாய் குறுக்க வந்துச்சுன்னான், நாயே இல்ல, ஒரு பொண்ணு நடந்து போயிருக்கா. டாக்டர் தகடு வச்சு திருகாணி போட்டுத் தச்சார். டைட்டானியம். அப்போ நான் டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், நல்ல உலோகமா வைங்க, துருப்பிடிக்காததா வைங்கன்னு. நல்லதாத்தான் வச்சிருக்கார். அதுதான் இப்ப பிரச்சனை. கடையில விக்கற மெஷினு சோடா மூடிக்குக் கூவும், ஆணிக்குக் கூவும், டைட்டானியம்னா காது கேக்காது. அந்தத் தகடு ஒரு கணம் முணுமுணுத்துட்டு அடங்கிடுமாம். தொழிற்பள்ளியில இஞ்சினியர் பல்தசார்னு ஒருத்தர் இருக்கார், நெரேயோவுக்குப் பாடம் எடுத்தவர், அவர்தான் சொன்னார். அந்த முணுமுணுப்பு அடங்கறதுக்குள்ள கேக்கற மாதிரி ஒரு படம் வரைஞ்சு குடுத்திருக்கார். குடுக்கறப்போ என் மூஞ்சியைப் பாக்கல. போர்டை நானே செஞ்சு தரேன்னார். வேணாம்னுட்டேன். என் மகனைத் தேடறதை இன்னொருத்தர் மேசை மேல வரிசையில போட்டு வைக்க எனக்குப் பொறுக்காது.

இதுவரைக்குமா? கம்பிதான். டி மாதிரி வளைச்ச கம்பி. மண்ணு எங்க லேசா இறங்கியிருக்கோ, புல்லு எங்க வேற பச்சையா இருக்கோ, அங்க சுத்தியால அடிச்சு இறக்கி, உருவி, முனையை மோந்து பாக்கணும். காணாமப் போன பிள்ளைங்களைத் தேடற எங்க கூட்டத்துல எல்லாரும் அதைத்தான் செய்யறோம். என் சிநேகிதி சாயோவுக்கு மூக்கு அவ்வளவு சுத்தம், அவ மோந்து சொன்னா தப்பாது. அவ புருஷனை அவளே மோந்து கண்டுபிடிச்சா. இப்பவும் எங்ககூட வரா. ஏன்டி வரேன்னா, பழக்கமாயிடுச்சுங்கறா.

எனக்குப் பழகல தம்பி. கம்பியை உருவறப்போ ஒவ்வொரு தடவையும் மாதாவே இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கறேன். மோந்து பாத்து ஒண்ணும் இல்லைன்னா, ஐயோ இங்கயும் இல்லையேன்னு அழுவேன். எது வேணும்னு எனக்கே தெரியல. பைத்தியம் பிடிக்காம இருக்கறதுக்குத்தான் இந்தப் போர்டு, இஸ்திரி, கரைசல் எல்லாம். கையில ஏதாவது வேலை இருக்கணும்.

சொல்றேன்ல, அந்தக் கறுப்பை இறக்க வேணாம். குழாய் வச்சதே நல்லாத்தான் இருக்கு. ஏன் அதையே பிடிச்சுத் தொங்கறீங்க?

அவனா? அவன் ரேடியோ, ஃபோன், டிவி எல்லாம் ரிப்பேர் பண்ணுவான். பஸ் நிலையத்துக்குப் பின்னாடி ஒரு பொந்து மாதிரி கடை. ஒரு நாள் மத்தியானம் கும்பல்காரனுங்க வண்டியில வந்து ரேடியோ தெரிஞ்ச பையன் யாருன்னு கேட்டிருக்காங்க. எதிர்ல பழச்சாறு விக்கற பொண்ணு பாத்துட்டு இருந்திருக்கா. இவன் நான்தான்னு சொல்லியிருக்கான். சிரிச்சுக்கிட்டே சொன்னானாம். வேலை வந்திருக்குன்னு நினைச்சான், கிறுக்குப்பய. மலை மேல ஏதோ ஆன்டெனா வேலைன்னாங்களாம். பையை அவனே தோள்ல மாட்டிக்கிட்டான். யாரும் இழுக்கல, அடிக்கல. வேலைக்குப் போறவன் மாதிரி கடைக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்து, சாயங்காலம் வந்துடறேன்னு போயிருக்கான். சாவி இப்ப என் கழுத்துல கிடக்கு.

போலீஸ்ல புகார் குடுக்காம இருப்பேனா? பொண்ணு கூட ஓடிப்போயிருப்பான் பாருங்கம்மான்னு உக்கார வச்சு காபி குடுத்தாங்க. சூடா இருந்துச்சு, குடிச்சேன். அப்புறம் போகறதை விட்டுட்டேன்.

ஐயோ, இறக்கிட்டீங்களா. சரி. சரி, இறக்கினது இறக்கிட்டீங்க. இப்படி வைங்க. கையில குடுக்க வேணாம், பலகை மேல வைங்க. நான் எடுத்துக்கறேன். ஒரு நிமிஷம்.

ம். கனமாத்தான் இருக்கு. பச்சை ரப்பர் சுத்தியிருக்கு. சைக்கிள் கைப்பிடி ரப்பர். ஆமா, வழுக்காது. இடுக்கி பித்தளை. ம். ஓட்டிக் காட்டணுமா? காட்டுங்க. எனக்கு அந்தத் திருகைத் தொட... நீங்களே காட்டுங்க.

ஆமா, திருகை ஒண்ணுல வச்சா வேகமா ஓடுது, ஆறுல வச்சா மெதுவா ஓடுது. இல்ல, கோளாறு இல்ல. கோளாறுன்னு யார் சொன்னா? உள்ள இருக்கற வேகத் திருகுப் போர்டு கடையில வாங்கினதா இருக்காது, திறந்து பாருங்க, வீட்டுல செஞ்சது. நான் சொன்னேன்ல, தாளைக் கவுத்து வச்சு இஸ்திரி போடணும்னு. கவுத்து வைக்கறதால படத்தைக் கண்ணாடியில தெரியற மாதிரி இடம் வலமா மாத்தி அச்சடிக்கணும். முதல் போர்டு செய்யறவன் எல்லாரும் அதை மறப்பான். மறந்தா இடது காலெல்லாம் வலதுக்குப் போயிடும். புத்தியுள்ளவன் தூக்கிப் போட்டுட்டு வேற செய்வான். சோம்பேறின்னா சாமானைப் பின்பக்கமா வச்சு, எப்படியோ ஈயத்தை ஒட்டி ஓட வச்சுடுவான். ஓடும். திருகு மட்டும் தலைகீழா இருக்கும்.

என்ன சொன்னீங்க?

இல்ல, அதுக்கு முன்னாடி. ஏதோ பேரு சொன்னீங்களே. இதுக்குப் பேரு வச்சிருக்குன்னு. சத்தத்துல சரியாக் கேக்கல. நிறுத்துங்க. அந்த மெஷினை நிறுத்துங்க தம்பி.

இன்னொரு தடவை சொல்லுங்க.

தோமித்திலா.

யார் சொன்னா அப்படி? நீங்களா வச்சீங்களா? கொண்டு வந்து வித்தவன் சொன்னானா? எப்படிச் சொன்னான்? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை மாத்தாம சொல்லுங்க. இது பேரு தோமித்திலா, மெதுவான்னா வேகமா ஓடும், வேகமான்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். அப்படியா சொன்னான்? சிரிச்சுக்கிட்டா சொன்னான்?

அந்த வாளியைக் கவுத்துப் போடுங்க, உக்காந்துக்கறேன். இல்ல, தண்ணி வேணாம். மயக்கம் இல்ல. வெயிலும் இல்ல. இந்த ஸ்வெட்டரைக் கழட்டினா சரியாப் போயிடும். கிழவி இந்த வெக்கையில ஸ்வெட்டர் போட்டுட்டு வந்திருக்காளேன்னு நினைச்சிருப்பீங்க. உள்ள இருக்கற பனியனை மறைக்கத்தான். பாருங்க. பாருங்க தம்பி, பயப்படாம பாருங்க. இதுதான் நெரேயோ. எங்க கூட்டத்துல எல்லாரும் அவங்கவங்க பிள்ளையை இப்படி நெஞ்சுல அச்சடிச்சுப் போட்டிருப்போம். மூஞ்சியை விடுங்க. கையைப் பாருங்க. கையில என்ன வச்சிருக்கான்? என்ன நிறத்துல ரப்பர் சுத்தியிருக்கு?

ஆமா.

சாயோதான் போன ஞாயித்துக்கிழமை பாத்துட்டு ஓடி வந்தா. குக்கர் மூடி வாங்க வந்தவ, மேல தொங்கறதைப் பாத்திருக்கா. வாரம் முழுக்க நான் தூங்கல. காலையில இருந்து இந்தச் சந்தையைச் சுத்திச் சுத்தி வரேன். உங்க கடையைத் தாண்டிப் போறேன், வரேன். அந்த ஆவி பறக்கற சோளமாவு தமாலே விக்கறவ என்னைத் திருடின்னு நினைச்சுட்டா. தொட்டா அவனோடதுதான்னு ஆயிடும். பையில இருந்தது இங்க இருக்குன்னா பை எங்க, பையைத் தோள்ல மாட்டினவன் எங்கன்னு ஆயிடும். அதுக்குத்தான் அந்த மூணு பல்லு, பேட்டரி, குழாய்னு உங்க நேரத்தைத் தின்னேன். கோச்சுக்காதீங்க.

தார்ப்பாயை இழுக்காத. இழுக்காதப்பா. கடையை மூடிட்டா நான் எங்க போவேன்? உன் காலைப் பிடிக்கறேன். பார், மெதுவாத்தான் பேசறேன். முனையில கும்பலுக்கு வேவு பாக்க மோட்டார் சைக்கிள்ல நிக்கறானுங்களே, அவனுங்களைப் பாத்துத்தானே பயப்படற? நீ இந்த மெஷினைத் திரும்ப ஓடவிடு. ஆறுல வை, மெதுவா ஓடட்டும். ஒரு கிழவி மெஷின் வாங்கறா, விலை பேசறா, அவ்வளவுதான். நான் சிரிக்கறேன் பாரு. நீயும் சிரி.

இதை வித்தவன் யாருன்னு நான் கேக்கல. பேர் வேணாம், ஊர் வேணாம், மூஞ்சி எப்படின்னுகூட வேணாம். யாரையும் பிடிச்சுக் குடுக்கணும்னு எனக்கு இல்ல. பிடிச்சுக் குடுத்து நான் என்ன பண்ணப் போறேன்? எல்லாரையும் மன்னிச்சாச்சு. மன்னிக்கலை, ஆனா மன்னிச்ச மாதிரி வச்சுக்க. எனக்கு என் பிள்ளை வேணும். நடந்து வந்தா நடந்து வரட்டும், இல்லைன்னா பையில போட்டுக் குடுத்தாலும் தலையில வச்சுத் தூக்கிட்டுப் போயிடுவேன்.

ஆனா யோசிச்சுப் பாருய்யா. நீயும் வியாபாரி, உனக்குத் தெரியாதா? திருடின பொருள்ல திருகு தலைகீழா ஓடறது திருடனுக்குத் தெரியலாம். ஓட்டிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது. ரப்பர் தெரியும், இடுக்கி தெரியும். பேரு எப்படித் தெரியும்? அது மேல எங்கயாவது எழுதியிருக்கா? திருப்பித் திருப்பிப் பாரு. எழுதல. நான் அவன்கூட இருந்தேன், அவன் எழுதல. பையைப் பிடுங்கினா சாமான் கிடைக்கும், பேரு கிடைக்காது. பேரு வாயில இருந்துதான் வரணும். யாரோ பக்கத்துல உக்காந்து, இவன் வேலை செய்யறதைப் பாத்துக்கிட்டு, ஏன்டா இது தலைகீழா ஓடுதுன்னு கேட்டிருக்கணும். இவன் சொல்லியிருக்கணும். சிரிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கணும், சிரிக்காம அதைச் சொல்ல அவனுக்கு வராது. அப்போ அவனைக் கொண்டுபோய் இறக்கின இடத்துல அவன் வேலை செஞ்சிருக்கான். சாப்பிட்டிருக்கான். கேலி பேசியிருக்கான். எத்தனை காலமா நான் மண்ணையே பாத்துக்கிட்டு நடக்கறேன் தெரியுமா? தலையைத் தூக்கி ஒரு தடவைகூடப் பாக்கலையே. மலை மேல வெளிச்சம் தெரியும், அதைக்கூடப் பாக்கலையே.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லு. அவன் சொன்னப்போ, இதை அந்தப் பையன் தோமித்திலான்னு கூப்பிட்டான்னு சொன்னானா, கூப்பிடறான்னு சொன்னானா?

அதுல என்ன இருக்கா? எல்லாமே அதுலதான் இருக்கு. கூப்பிட்டான்னா ஒண்ணு. கூப்பிடறான்னா வேற. நான் சனிக்கிழமை கம்பியைத் தூக்கிட்டுப் போறதா வேணாமான்னு அந்த ஒரு எழுத்துலதான் இருக்கு. கண்ணை மூடி யோசி. அவன் எங்க நின்னான்? இங்கயா? பையை எங்க வச்சான்? நீ என்ன கேட்ட? விலை பேசினீங்க, அப்புறம்? அப்புறம் சிரிச்சான். சிரிச்சுட்டு, இதுக்குப் பேரு இருக்குன்னான். யார் வச்சதுன்னு நீ கேட்ட. எங்க ரேடியோக்காரன்னு சொன்னான். எங்க ரேடியோக்காரன், அப்படியா சொன்னான்? எங்க. சரி. அப்புறம்?

ஞாபகம் இல்லையா.

அழலை. நீ பதறாத. யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும், எத்தனை பேர் வராங்க, எத்தனை பேர் விக்கறாங்க. நான் யூனிஃபார்ம் தைக்கறப்போ யார் என்ன சொன்னாங்கன்னு கேட்டா எனக்கும் தெரியாதுதான். பொய் சொல்லாம இல்லைன்னு சொன்னியே, அதுக்கே உனக்குப் புண்ணியம்.

அந்தக் குழாய் வச்சதைக் கட்டிக் குடு. ஆமா, அதைத்தான். சனிக்கிழமை காட்டுக்குப் போயாகணும். உயிரோட இருக்கான்னு நினைச்சுக்கிட்டே மண்ணுக்குள்ளயும் தேடணும், என்ன பண்றது. அந்த எழுத்து எதுன்னு தெரியற வரைக்கும் ரெண்டையும் செய்யணும். மெஷினு கூவாம இருந்துட்டா போதும். அதுக்காகவே ஒழுங்கா ஓட்டை போடறேன்.

இந்தக் கறுப்பை நான் எடுத்துட்டுப் போகல. எடுத்துட்டுப் போகத்தான் மனசு அடிச்சுக்குது, பாரு, கை விடமாட்டேங்குது. ஆனா நீ திரும்ப மேல தொங்க விடு, இருந்த இடத்துலயே. யார் என்ன விலை கேட்டாலும் இது வித்தாச்சுன்னு சொல்லு. அவன் திரும்ப வந்தா இது இங்க தொங்கணும், ஒண்ணும் நடக்காத மாதிரி.

வருவான்ல? அவனுங்ககிட்ட இன்னும் சாமான் இருக்கும்ல? அப்போ வருவான். வந்தா ஒண்ணும் கேக்காத. என்னைப் பத்தி, படத்தைப் பத்தி, கூட்டத்தைப் பத்தி மூச்சு விடாத. விலை பேசு, டீ வாங்கிக் குடு. கிளம்பறப்போ, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, உங்க ரேடியோக்காரன்கிட்ட ஒரு சேதி சொல்லுப்பான்னு மட்டும் சொல்லு. தோமித்திலா சந்தைக்கு வந்திருந்தாள்னு சொல்லு. அவன் முழிப்பான். அதைத்தானே நான் உன்கிட்ட வித்தேன்னு கேப்பான்.

மெஷின் இல்ல, அவனோட அம்மான்னு சொல்லு.